கூட யாரு வந்திருக்காங்க?

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க வந்தவர்கள் இப்போதே நிறுத்திக்கொள்ளலாம். இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை, கனவும் இல்லை. என் இடது கையில் ஊசி குத்திய இடத்தில் தோல் கிழிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. நம்பாதவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம், காப்பி போட்டுத் தருகிறேன்.

நான் பயந்த சுபாவம் கிடையாது. மரக்காணம் உப்பளத்தில் விடியாத நேரத்தில் தனியாக வரப்பில் நடந்து வேலைக்குப் போனவள். பாத்தியில் கிடந்த பாம்பை மண்வெட்டியால் ஓரமாகத் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தவள். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "அதையும் இட்டாந்து உப்பு வார விடுங்க, ஆளு பத்தல" என்று வாயை அடைத்துவிடுவேன். அப்படிப்பட்ட வாய் எனக்கு. அந்த வாய்தான் அன்றைக்கு என்னை மாட்டிவிட்டது.

2005ஆம் வருடம், நவம்பர் மாதம். அந்த வருடம் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். உப்பளம் முழுக்க ஒரே தண்ணீர்க்காடு. வரப்பு எது, பாத்தி எது என்று தெரியாது. கீற்று போட்டு மூடிய உப்பு அம்பாரங்கள் மட்டும் அங்கங்கே தலையை நீட்டிக்கொண்டு நின்றன. மழைக்காலத்தில் அங்கே வேலை கிடையாது. வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்தவர்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் வரிசையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன.

என் வீட்டுக்காரர் தட்சணாமூர்த்தி லாரி டிரைவர். உப்பு லோடு ஏற்றிக்கொண்டு கேரளா போயிருந்தார். செல்போன் எல்லாம் அப்போது எங்களிடம் இல்லை. அவராக ஏதாவது பூத்திலிருந்து பக்கத்து மளிகைக் கடைக்குப் பேசினால்தான் உண்டு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. என்னைப் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு நான் ஒரே பெண். கூடப் பிறந்தது ஒன்றும் கிடையாது.

அன்று காலையிலிருந்து எனக்கு வாந்தி, பேதி. மழைத்தண்ணீர் கலந்த குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்த வினை. மத்தியானம் வரை கஷாயம் வைத்துக் குடித்துப் பார்த்தேன். சாயந்திரம் எழுந்து நிற்க முடியவில்லை. கண் குழிக்குள் போய்விட்டது. கெண்டைக்கால் சதை சுருட்டிச் சுருட்டி இழுத்தது. பக்கத்து வீட்டு முத்தம்மாள் எதற்கோ எட்டிப் பார்த்தவள், என்னைக் கண்டு அலறிவிட்டாள். ரோட்டில் போன ஒரு மீன் டெம்போவை மறித்து, ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் என்னைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரி. அது போதும்.

முத்தம்மாளால் என்னோடு தங்க முடியாது. அவள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு குழந்தைகளை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஆண்டாளு, தப்பா நெனச்சுக்காத. காலையில ஓடியாந்துடறேன்."

அதே டெம்போவில் திரும்பிப் போய்விட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

நர்ஸ் வந்தார். சின்ன வயது, வேலைக்கு வந்து மாதக்கணக்குதான் ஆகியிருக்கும். ஜான்சி சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். என் நாடியைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"கூட யாரு வந்திருக்காங்க?"

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு இந்தக் கேள்வி தெரியும். உடம்புக்கு என்ன என்று கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பார்கள். கூட ஓர் ஆள் இருந்தால்தான் அங்கே வைத்தியம் நடக்கும். பாட்டில் தீர்ந்தால் ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிட, இல்லாத மருந்தை வெளிக் கடையில் வாங்கிவர, கக்கூசுக்குக் கைத்தாங்கலாக அழைத்துப்போக, எல்லாவற்றுக்கும் அந்த ஆள்தான். ராத்திரியில் அந்த ஆள் நோயாளியின் கட்டிலுக்கு அடியில் பாயை விரித்துப் படுத்துக்கொள்ளும். எந்தக் கட்டிலைப் பார்த்தாலும் மேலே ஒருவர், கீழே ஒருவர். அப்படித்தான் அங்கே பழக்கம்.

"யாரும் இல்ல சிஸ்டர்."

"ஆளு இல்லாம எப்படிம்மா சேக்கறது? நைட்டு நான் ஒருத்திதான். பிரசவ ரூமும் நான்தான், வார்டும் நான்தான். ராத்திரியில உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு வந்து சொல்லுவாங்க? டாக்டர் கிட்ட சொல்லி பாண்டிச்சேரிக்கு எழுதித் தரச் சொல்றேன். போயிடு."

பாண்டிச்சேரி. அந்த மழையில். ரோட்டில் முழங்கால் தண்ணீர், வண்டி வாகனம் எதுவும் இல்லை. வழியிலேயே என் கதை முடிந்துவிடும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அப்போதுதான் வாய் முந்திக்கொண்டது.

"எங்க அக்கா வர்றாங்க சிஸ்டர்."

"அக்காவா? நெஜமா?"

"பின்னாலயே வந்துட்டிருக்காங்க. எங்க அக்கா வந்துடுவாங்க."

இல்லாத அக்கா. சொல்லும்போது கொஞ்சம் சிரிப்புகூட வந்தது.

பெண்கள் வார்டு நீளமான ஹால். இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள். நடக்க முடிந்தவர்கள் எல்லாம் மழைக்குப் பயந்து முன்னமே வீட்டுக்குப் போய்விட்டார்கள். என்னைச் சுவர் ஓரத்துக் கடைசிக் கட்டிலில் போட்டார்கள். அந்தக் கோடியில், வாசல் பக்கம், காலில் பெரிய கட்டோடு அமுதவல்லி என்று ஒரு மீனவப் பெண் படுத்திருந்தாள். அவள் கட்டிலுக்கு அடியில் அவள் மகள் போர்த்திக்கொண்டு தூங்கினாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த கட்டில்கள் அத்தனையும் காலி. ரெக்சின் கிழிந்து உள்ளே இருந்த நார் தெரிந்தது.

ஜான்சி சிஸ்டர் என் இடது கையில் ஊசியைக் குத்தி, பிளாஸ்திரி ஒட்டினார். கை ஆடாமல் இருக்க, மருந்துப் பெட்டியிலிருந்து கிழித்த அட்டை ஒன்றை அடியில் கொடுத்துக் கட்டினார். பாட்டிலைக் கம்பியில் மாட்டினார்.

"இது பதினோரு மணி வாக்குல தீந்துடும். தீர்றதுக்கு முன்னாடி உங்க அக்காவ வந்து என்னைக் கூப்பிடச் சொல்லு. பிரசவ ரூம்ல இருப்பேன். அங்க ஒரு கேசு ரொம்பக் கஷ்டமா இருக்குது. என்னால வந்து வந்து பாக்க முடியாது. புரியுதா?"

"சரி சிஸ்டர்."

"உனக்கு இன்னும் மூணு பாட்டிலாவது ஏறணும். நடுவுல நின்னுச்சுன்னா உசுருக்கு நான் பொறுப்பில்ல."

சொல்லிக்கொண்டே ஓடினார். அவரை நான் திட்ட மாட்டேன். அதுவரை அவர் உட்கார்ந்து நான் பார்க்கவே இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது. அமுதவல்லியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள் போல, குறட்டை மட்டும் வந்தது. அவள் மகளைக் கூப்பிட்டேன். என் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. தலைமாட்டு ஸ்டூலில் டம்ளரில் தண்ணீர் இருந்தது. எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை.

தனியாக இருப்பது எனக்குப் புதிதில்லை. லாரிக்காரன் பெண்டாட்டிக்குத் தெரியாத தனிமையா என்று பெருமையாகக்கூடப் பேசியிருக்கிறேன். ஆனால் இது வேறு. ஒரு பாட்டில் சொட்டிக்கொண்டிருக்கிறது. அது தீரப்போகிறது. "தீர்ந்துபோச்சு" என்று அந்த ஒரு வார்த்தையை எனக்காக இன்னொருவரிடம் போய்ச் சொல்ல, இத்தனை பெரிய உலகத்தில் ஒரு ஜீவன் இல்லை. எனக்கு அழுகை வந்தது. கண்ணில் தண்ணீர் வரவில்லை. உடம்பில் இருந்தால்தானே வரும்.

சொட்டு... சொட்டு... சொட்டு...

தூங்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். பாட்டில் அடிமட்டத்துக்கு வந்ததும் கட்டில் கம்பியை அடித்தாவது யாரையாவது எழுப்பிவிட வேண்டும். பத்தரை வரை கடிகாரத்தைப் பார்த்தது நினைவிருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

அவ்வளவுதான், போனேன் என்று நினைத்தேன். மெதுவாகத் தலையைத் திருப்பினேன்.

புதுப் பாட்டில். முக்கால்வாசி நிறைந்திருந்தது.

வாசலில் ஜான்சி சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். நான் அசைவதைப் பார்த்து நின்றார்.

"முழிச்சுட்டியா? உங்க அக்கா மட்டும் வந்து கூப்பிடலன்னா இந்நேரம் நீ இல்ல. பாட்டில் சுத்தமா காலி."

"யாரு... சிஸ்டர்?"

"உங்க அக்காதான். பாவம், தொப்பலா நனைஞ்சு வந்திருக்காங்க. கீழதான் படுத்திருக்காங்க பாரு."

பிரசவ ரூமிலிருந்து யாரோ அலறினார்கள். அவர் ஓடிவிட்டார்.

எனக்கு அப்படி ஒரு நிம்மதி. முத்தம்மாள்தான், மனசு கேட்காமல் திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"முத்தம்மா..."

கட்டிலுக்கு அடியில் கோரைப் பாய் சரசரத்தது.

"தூங்கு."

முத்தம்மாள் குரல் இல்லை. கொஞ்சம் கம்மிய குரல், ஆனால் பிரியமான குரல்.

"யாருங்க?"

"அக்காதான். தூங்கு."

அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் மூத்த பெண்கள் எல்லோருமே அக்காதான். பிரசவத்துக்கு வந்தவளுக்குத் துணையாக வந்த யாரோ ஒருத்தி, நான் அநாதையாகக் கிடப்பதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு வந்திருக்கிறாள். இல்லாதப்பட்டவர்கள் அப்படித்தான் ஒருவருக்கொருவர். மனசுக்குள் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"தண்ணி வேணுமா?"

"வேணுங்கக்கா."

தலைமாட்டில், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை மேலே வந்தது. ஸ்டூலில் இருந்த டம்ளரை எடுத்து என் வாயருகே நீட்டியது. முழங்கை வரைதான் எனக்குத் தெரிந்தது. சிவப்புக் கண்ணாடி வளையல்கள். உப்பளத்துக் கைதான், விரல் எல்லாம் வெடித்திருந்தது. குடித்தேன். அந்தத் தண்ணீரின் ருசியை இப்போதும் சொல்வேன், அமிர்தம்.

அப்போது பார்த்துக் கால் இழுத்தது. "அம்மா" என்று முனகினேன். உடனே ஒரு கை என் கெண்டைக்காலைப் பிடித்து, அழுத்தி, நீவிவிட்டது. பதமாக. வலி இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

பிறகு திறந்தேன்.

தலைமாட்டில் டம்ளரைப் பிடித்திருந்த கை இன்னும் அங்கேயே இருந்தது.

கால்மாட்டிலும் கை இருந்தது.

கட்டில் ஆறடி நீளம்.

பேதி மயக்கம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். எட்டிப் பார்க்க முடியாது. கட்டு போட்ட இடது கைப் பக்கம்தான் அவள் இருந்தாள். கை இரண்டும் கீழே போய்விட்டன. பாய் மறுபடியும் சரசரத்தது.

"ஊசி போட்டாங்களா?"

"போட்டாங்கக்கா."

"கடையில இல்லன்னுட்டான். அடுத்த கடைக்குப் போனேன்."

"எந்த ஊசிக்கா?"

மறுபடியும் அதே குரல், அதே மாதிரி.

"ஊசி போட்டாங்களா?"

"...போட்டாங்க."

"அம்மாவுக்கு இன்னும் சொல்லல. பயந்துடும்."

என் அம்மா செத்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

"எந்த அம்மாவுக்குக்கா?"

கீழே லேசாகச் சிரிக்கும் சத்தம்.

"நம்ம அம்மாவுக்குத்தான்டி."

கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி. சிஸ்டர் ஒரு முறை இந்தப் பக்கம் வரமாட்டாரா என்று ஏங்கினேன். இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.

மின்விசிறி கிறீச்சிட்டு, கிறீச்சிட்டு, நின்றது.

கும்மிருட்டு. மழை விட்டிருந்தது. அந்தக் கோடியில் அமுதவல்லியின் குறட்டை. வேறு சத்தம் இல்லை.

"குளிருதா?"

"இல்லக்கா."

"குளிருது உனக்கு. எனக்குத் தெரியாதா?"

புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"கீழ வா. பாயில எடம் இருக்கு."

நான் அசையவில்லை.

"வாடி. அக்கா பக்கத்துல படுத்துக்க."

"கையில... ஊசி இருக்குதுக்கா."

"எடுத்துடறேன். நோவாது."

விரல்கள் என் இடது மணிக்கட்டைத் தேடி வந்தன. கட்டைத் தடவின. பிளாஸ்திரியின் ஓரத்தைக் கண்டுபிடித்தன.

கர்ர்ர்...

மெதுவாக உரிந்தது.

கர்ர்ர்...

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ராத்திரியில் எனக்கு மிகவும் பயமான இடம் இதுதான். போய்விடலாம் என்று எனக்கு ஆசையாக இருந்தது. கீழே ஓர் ஆள் இருக்கிறது. பக்கத்தில் ஒட்டிப் படுத்துக்கொள்ளலாம். இனிமேல் பாட்டிலைப் பார்க்க வேண்டாம், கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், யாருக்கும் காத்திருக்க வேண்டாம். என் இடது கால் என்னைக் கேட்காமலேயே கட்டிலைவிட்டு இறங்கிவிட்டது.

கணுக்காலை ஒரு கை பிடித்தது.

"அப்படித்தான். வா."

கர்ர்ர்... ஊசி தோலுக்குள் நகர்ந்தது. சுரீர் என்று வலித்தது. அந்த வலிதான் என்னைப் பேச வைத்தது.

"அக்கா... நான் உங்க தங்கச்சி இல்ல."

விரல்கள் நின்றன.

"எனக்கு அக்காவே கிடையாது. சிஸ்டர் கிட்ட பொய் சொன்னேன்."

பிறகு அந்தக் கை மேலே வந்தது. என் முகத்தைத் தொட்டது. நெற்றி... மூக்கு... காது... கன்னம். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது.

கை விலகியது.

"அப்ப... எந் தங்கச்சி எங்க?"

அந்தக் குரலை என்னால் எழுதிக் காட்ட முடியாது. அவ்வளவு நேரம் என்னைப் பயமுறுத்திய குரல், அந்த ஒரு கேள்வியில் என்னைவிடப் பயந்துபோயிருந்தது.

"தெரியலக்கா."

பாய் சுருட்டும் சத்தம். சர்ர்ர்...

பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் பாய் விரிக்கும் சத்தம்.

"இங்க இருக்கியா?"

சர்ர்ர்...

அடுத்த கட்டில்.

"இங்க இருக்கியா?"

சர்ர்ர்...

அடுத்தது.

அமுதவல்லியின் குறட்டை நின்றது. அவள் மகள் தூக்கத்தில் "ம்ம்... யாரு?" என்றாள்.

"இல்ல... இவ இல்ல..."

வாசல் கதவு ஆடியது.

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கரண்ட் வந்தபோது இரண்டு நாற்பது. என் இடது கால் தொங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்திரி முக்கால்வாசி உரிந்து கிடந்தது. குழாயில் ரத்தம் ஏறிப் பாதிவரை சிவப்பாக இருந்தது. இப்போது எனக்குச் சத்தம் வந்தது. நான் போட்ட கூச்சலில் ஜான்சி சிஸ்டர் கையுறையோடு ஓடிவந்தார்.

"அறிவிருக்கா? யாரு பிளாஸ்திரிய எடுத்தது? ஊசி வெளிய வந்திருந்தா இந்த நரம்புல மறுபடி ஏத்த முடியுமா? உங்க அக்கா எங்க?"

"போயிட்டாங்க சிஸ்டர்."

"இந்நேரத்துல எங்க போனாங்க?"

நான் என்ன சொல்லட்டும்? சிஸ்டரின் புடவை முனையைப் பிடித்துக்கொண்டேன். வேறு ஊசி போட்டு முடிக்கும்வரை விடவே இல்லை. பிரசவ ரூமில் குழந்தை பிறந்துவிட்டது என்றார். விடியும்வரை என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

காலையில் வார்டு கழுவ சகாயமேரி வந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் வெகுகாலமாகத் துப்புரவு வேலை பார்ப்பவள். என் கட்டிலுக்கு அடியில் மாப்பை விட்டபோது கேட்டேன்.

"கீழ பாய் இருக்குதா பாருங்க."

"பாயா? ஒண்ணியும் இல்லியே. யாரு படுத்திருந்தது?"

"யாருன்னு தெரியல. எங்க அக்கா வர்றாங்கன்னு ஒரு பேச்சுக்கு சிஸ்டர் கிட்ட சொன்னேன். ராத்திரி ஒருத்தங்க வந்தாங்க..."

மாப்பு நின்றுவிட்டது. சகாயமேரி கட்டிலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டூட்டி முடிந்து கிளம்பிய ஜான்சி சிஸ்டரைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், நேத்து உங்கள கூப்பிட வந்த பொம்பள கையில இன்னா வச்சிருந்தாங்க?"

"மருந்துக் கடை கவர். நனைஞ்சு போயிருந்துது. ஏன் கேக்கறீங்க?"

சகாயமேரி ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு மழைக்காலம். இதே கடைசிக் கட்டில். வானூர் பக்கத்திலிருந்து உப்பளத்து வேலைக்கு வந்து தங்கியிருந்த அக்காளும் தங்கையும். தங்கைக்கு வாந்தி பேதி. ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து இருப்பு இல்லை, வெளியே வாங்கி வரச் சொன்னார்கள். அக்காள் போனாள். ரோட்டைத் தாண்டும்போது ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. உயிர் அங்கேயே போய்விட்டது, கையில் மருந்துக் கடைக் கவரோடு. போலீஸ் வந்து, யார் என்று தெரியாத பெண் என்று எழுதி, அதே ஆஸ்பத்திரியின் பின்பக்கத்துப் பிணவறையில் கொண்டுவந்து போட்டது. நோயாளிக்குச் சீட்டு உண்டு. கூட வந்தவர்களுக்கு ஏது சீட்டு? முன்பக்கம் தங்கை, பின்பக்கம் அக்காள். நடுவில் ஒரு சுவர். சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"அந்தப் பொண்ணு ராவெல்லாம் அதையேதான் சொல்லிச்சு. போறவங்க வர்றவங்க கிட்டல்லாம், எங்க அக்கா வர்றாங்க, எங்க அக்கா வர்றாங்கன்னு. அப்ப இருந்த சிஸ்டரு நம்பல. ஆளு இல்லாதவங்க எல்லாரும் அப்படித்தான சொல்றாங்கன்னுட்டாங்க."

விடிவதற்குள் தங்கையும் போய்விட்டாள். அம்மாக்காரி விஷயம் தெரிந்து வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. சின்னவளை ஊருக்கு எடுத்துப்போனாள். பெரியவள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் அவளை அநாதைப் பிணம் என்று இந்த ஊர் இடுகாட்டிலேயே புதைத்துவிட்டார்கள். போலீஸ் எடுத்து வைத்திருந்த போட்டோவைப் பார்த்துப் பிறகுதான் அவள் என்று தெரிந்ததாம்.

ஜான்சி சிஸ்டர் பையைத் தோளில் மாட்டியபடி அப்படியே நின்றார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"அந்தப் பொண்ணு இந்தக் கட்டில் மேலதான் செத்துக் கெடந்தாளா?"

சகாயமேரி வலது கையைப் புடவையில் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"மேல இல்லம்மா. கீழ, அவங்க அக்கா பாயில. கையில ஊசி இல்ல. பிளாஸ்திரிய யாரோ பதமா உரிச்சு கட்டில் கம்பியில ஒட்டி வச்சிருந்தாங்க. பாய்ல ஓரமா, ஒருக்களிச்சுப் படுத்திருந்தா... இன்னொரு ஆளு படுக்கற மாதிரி எடம் வுட்டு. நான்தான் தூக்குனேன். ஒடம்பு ஜில்லுன்னு வெறைச்சுப் போயிருந்துச்சு. அப்பறம் பாயைச் சுருட்டலாம்னு காலியா இருந்த பக்கம் கைய வச்சேன்..."

"வச்சா?"

"சூடா இருந்துச்சும்மா. இப்பத்தான் யாரோ எழுந்து போன மாதிரி."